மழைத் தண்ணீரும் ஷெட் ஒழுங்கும்: வீட்டில் நாமே செய்ய ஒரு பாடம்





2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் பல நாள்கள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. வானம் கொட்டிக்கொண்டிருந்த அதே நாள்களில், குளிக்கவும் ஒளுச் செய்யவும் தண்ணீர் தேட வேண்டியிருந்தது.

2003ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது பல வீடுகளில் குழி வெட்டினோம். கிணற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் அது நல்லது. ஆனால் மண்ணுக்குள் போன தண்ணீரை மேலே எடுக்க மறுபடியும் மோட்டார் வேண்டும். இந்தப் பாடம் வேறொன்றைப் பற்றியது: கரண்ட் இல்லாத நாளிலும் குழாயைத் திறந்தால் விழும் தண்ணீர். அதற்கு ஏற்ற இடம் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பைக் நிறுத்தவும் சாமான் போடவும் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பு, அதாவது நமது ஷெட்தான் அது.

1. முதலில் கணக்கு

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 300 சதுர அடி ஷெட் என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். அதன் மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 280 லிட்டர். தெறிப்பதும் கசிவதும் போக, 220 லிட்டராவது கையில் நிற்கும். ஒரு 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். நம் மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டும் கிடைக்கின்றன. மலையடிவாரத்தில் இருக்கும் கீரிப்பாறைக்கு மழைக்குக் குறைவில்லை. பிடித்து வைப்பதில்தான் நமக்குக் குறை.

2. செய்யும் முறை

கூரையின் தாழ்ந்த ஓரத்தில் பாத்தி வையுங்கள். தகரப் பாத்தியும் ஆகும், நீளவாக்கில் வெட்டிய பிவிசி குழாயும் ஆகும். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு போதும். மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் இல்லாவிட்டால் கனமழையில் பாத்தி வளைந்துவிடும்.

பாத்தியிலிருந்து இறங்கும் குழாயின் கடைசி எல்போவைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். கையால் திருப்பும்படி விடுங்கள். வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் பறவை எச்சமும் சருகும் தூசும் கழுவி வரும். முதல் பத்து நிமிடம் எல்போவை வெளிப்பக்கம் திருப்பி அந்தத் தண்ணீரைப் போக விட்டு, பிறகு டிரம்முக்குத் திருப்புங்கள்.

டிரம் புதியதாக இருக்கட்டும், அல்லது சமையல் எண்ணெய் போன்ற உணவுப் பொருள் இருந்ததாக இருக்கட்டும். பூச்சிமருந்து, ஆசிட், பெயின்ட் இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். உள்ளே வெளிச்சம் புகாத டிரம்மில் பாசி பிடிக்காது. அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே குழாய் பொருத்தினால் வண்டல் கீழே தங்கிவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் டிரம் 200 கிலோ, 1000 லிட்டர் டேங்க் ஒரு டன். ஆகவே ஷெட்டின் பரணில் தண்ணீர் டிரம் வைக்கவே கூடாது. கெட்டியான தரையில், வாளி நுழையும் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள்.

நிரம்பி வழியும் தண்ணீருக்கு ஒரு வழி விடுங்கள். நமது வீடுகள் பல சரிவில் இருக்கின்றன. வழியும் நீரை அஸ்திவாரத்துக்கோ மண் வெட்டிய திட்டுக்கோ விட்டால் மண் ஊறிச் சரியும். குழாய் வைத்து ஓடைக்கோ வாழை மூட்டுக்கோ கொண்டுபோய் விடுங்கள்.

ஈரக் கூரையில் ஏறாதீர்கள். கரண்ட் வயர் கூரைக்கு அருகில் போனால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே வேலை செய்யுங்கள்.

3. கொசுவுக்கு இடம் தரக்கூடாது

டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் அல்ல, சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே டிரம்முக்கு இறுக்கமான மூடி, தண்ணீர் நுழையும் வாயிலும் வழியும் வாயிலும் நைலான் வலை. வாளி, தொட்டி போன்ற திறந்த பாத்திரங்களை வாரம் ஒருமுறை கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் காய்ந்தாலும் சாகாது. ஷெட்டின் வெளியே கிடக்கும் பழைய டயரையும், ரப்பர் பால் எடுக்கும் சிரட்டைகளையும் மழைக்காலத்தில் கவிழ்த்து வையுங்கள்.

4. ஷெட்டுக்குள்

நம் பகுதியில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட், களைக்கொல்லி, பெட்ரோல், டிரம்மிலிருந்து பிடித்த தண்ணீர் எல்லாம் ஒரே ஷெட்டில்தான் இருக்கின்றன. நான்கும் ஒரே மாதிரி பாட்டிலில் இருந்தால் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே:

ஆசிட்டையோ மருந்தையோ தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் ஊற்றி வைக்கக் கூடாது. வாங்கிய கேனிலேயே, பெயர் தெரியும்படி, பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். பெட்டி தரையை ஒட்டி இருக்கட்டும். உயரத்திலிருந்து எடுத்தால் முகத்தில் கொட்டும் ஆபத்து உண்டு.

தண்ணீர் டிரம் ஷெட்டின் ஒரு கோடி என்றால், ஆசிட் பெட்டி மறுகோடி. பெட்ரோலும் இன்வெர்ட்டர் பேட்டரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டாம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும்.

கனமான சாமான்கள் கீழ்த்தட்டில், லேசானவை மேலே. அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். அரிசி, தீவனச் சாக்குகளைத் தரையில் வைத்தால் எலி வரும். எலியின் சிறுநீர் பட்ட தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும்.

யாராவது ஆசிட் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழைத்து, அந்தக் கேனையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

5. இந்தத் தண்ணீர் எதற்கு ஆகும்?

குளிக்க, துணி துவைக்க, கழிப்பறைக்கு, தோட்டத்துக்கு ஆகும். ஒளுவுக்குத் தாராளமாக ஆகும். மழை தூய்மையாக்கும் நீர் என்பதை அல்ஃபுர்கான் அத்தியாயம் 48ஆம் வசனம் நமக்கு அறிவிக்கிறது. குடிக்க வேண்டி வந்தால் வடிகட்டி, நன்றாகக் கொதி வந்த பின்னும் ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பிடித்ததையும், பெயின்ட் உரியும் கூரையில் பிடித்ததையும் குடிக்க வேண்டாம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸில் வருகிறது. ஒரு முத் என்பது இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. குழாயைத் திறந்து விட்டு ஒருவர் ஐந்து லிட்டர் செலவழித்தால், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐவேளைக்கு 125 லிட்டர். ஒரு டிரம் இரண்டு நாள்கூட வராது. கோப்பையில் ஒரு லிட்டர் எடுத்துச் செய்தால் நாளுக்கு 25 லிட்டர். அதே டிரம் எட்டு நாள் ஒளுவுக்குப் போதும்.

குடும்பத்தோடு செய்து பார்க்க

இந்த வாரம் பிள்ளைகளிடம் டேப்பைக் கொடுத்து ஷெட்டின் நீள அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். 10 மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை லிட்டர் என்று அவர்களே கணக்குப் போடட்டும். பெரியவர்கள் அன்றே ஷெட்டில் உள்ள ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து, உள்ளே என்ன என்று பாருங்கள். என்னவென்று தெரியாததைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியே பூட்டி வையுங்கள்.

டிரம் வாங்க இப்போது வசதி இல்லை என்றாலும் பாட்டில்களைப் பிரித்து வைக்கக் காசு தேவையில்லை. அதை முதலில் செய்யுங்கள். தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் விதவைச் சகோதரிகளுக்கும் பாத்தி கட்டிக் கொடுக்க, மஹல்லா இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் நல்லது.

அல்லாஹ் தரும் மழையை வீணாக்காமல் பயன்படுத்தும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக. ஆமீன்.