சும்மா உட்கார வைத்திருக்கிறார்களா?

"கடிச்சு முக்கால் மணி நேரம் ஆச்சு. இன்னும் ஒரு ஊசி போடலை. சும்மா உட்கார வெச்சிருக்காங்க!"

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தாவில் என் சித்தப்பா மகன் போட்ட சத்தம் இது. அறுப்பு முடிந்த வயலில், பொழுது சாயும் நேரத்தில், சித்தப்பாவின் கணுக்காலில் பாம்பு தீண்டிவிட்டது. தனியாருக்குத் தூக்கிப் போய்விடலாம் என்று வண்டி வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். உள்ளே மேஜை மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் நின்றது. அதில் சித்தப்பாவின் ரத்தம் இரண்டு மில்லி. அதை யாரும் தொடவோ அசைக்கவோ கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார், சித்தப்பாவிடம் வந்து "மேல பாருங்க, என் விரலையே பாருங்க" என்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார். வெளியே இருந்தவர்களுக்கு அது வேடிக்கை பார்ப்பதாகவே பட்டது.

இருபது நிமிடம் ஆனதும் டாக்டர் குழாயை மெல்லச் சாய்த்தார். நல்ல ரத்தமாக இருந்தால் அதற்குள் தயிர் போல உறைந்து அப்படியே நின்றிருக்கும். இது தண்ணீராக ஓடியது. அடுத்த நிமிடமே விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி சொட்டு சொட்டாக ஏற ஆரம்பித்தது.

அந்த இருபது நிமிடமும் வைத்தியம்தான். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டின் விஷமும் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். அது கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஊர்ப்புற ஆஸ்பத்திரியில் இதைவிட நம்பகமான, மலிவான சோதனை கிடையாது. குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உதவாது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, முடிவு தப்பாக வரும். மேலே பார்க்கச் சொன்னது, இமை சரிகிறதா என்று அறிய. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியோ வீக்கமோ தெரியாது. ராத்திரி தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண் திறக்க முடியாமல் தவிப்பார்.

அப்படியானால் வந்தவுடனே மருந்தைப் போட்டுவிட்டால் என்ன? விஷமுறிவு மருந்து குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைக் கொண்டுவந்து, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கவிழ்த்துவிடும். அதனால்தான் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதை ஏற்றுகிறார்கள். கடிக்கிற பாம்பெல்லாம் விஷப்பாம்பு அல்ல. விஷப்பாம்பும் எல்லா முறையும் விஷத்தை இறக்குவதில்லை. தேவைப்படாதவருக்கு ஏற்றினால் மருந்தே ஆபத்து.

"பாம்பை அடிச்சு எடுத்துட்டு வந்தாத்தான் மருந்து தருவாங்க" என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. நம் ஊரில் கிடைக்கும் மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. பாம்பைத் தேடிப் புதரைக் கிளறுகிற நேரம் காலில் விஷம் ஏறுகிற நேரம், இரண்டாவது ஆளும் கடிபடுகிற நேரம். கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறி ரத்தம் வடிக்கக் கூடாது. கடித்த கையையோ காலையோ அசைக்காமல், நடக்கவிடாமல் கொண்டுவந்தால் போதும். இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு நம் இருளர் மக்களுடையது. 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, சித்தப்பா டி.வி. முன்னால் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றைக்கு முதல் மருந்து ஏறியதும் 108இல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் வீடு வந்துவிட்டார். வண்டி பேசியவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

"நாய்க்கடிக்கு வந்தா சோப்புப் போட்டுக் கழுவச் சொல்றாங்க. ஒரு தையல்கூடப் போடலை."

இதுவும் அதே மனக்குறைதான். வெறிநாய்க்கடிக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதை உடைக்கும். ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம், நிஜமாகவே கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம், கழுவுவதுதான் முதல் மருந்து. இதை வீட்டுக் குழாயடியிலேயே செய்துவிட்டு வரலாம், வர வேண்டும். அதற்குப் பதிலாக மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பிக்கொண்டு வருகிறார்கள். புண்ணைக் கிளறித் தையல் போட்டால் கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகும், நரம்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முடிந்தவரை தைக்காமல் விடுகிறார்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் நம் தாத்தா காலத்தின் மிச்சம். ஆட்டு மூளைத் திசுவில் செய்த அந்தப் பழைய மருந்து வழக்கொழிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது இரண்டு மேற்கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம், குண்டூசி குத்தின அளவு. முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்தால் 0, 3, 7, 28 என நான்கு நாள் போக வேண்டும். இந்த 28ஆம் நாள்தான் நிறையப் பேருக்கு மறந்துபோகிறது. ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் புண்ணுக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்கச் சில நாள் ஆகும், அதுவரைக்கும் காவல் இதுதான். அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் "அலைக்கழிக்கிறாங்க" என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே, கீறல்தானே என்றும் விடாதீர்கள். கர்ப்பிணியும் போட்டுக்கொள்ளலாம். கறி மீன் பத்தியம் எதுவும் கிடையாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான்.

"காய்ச்சல்னு போனா மாத்திரையைக் கொடுத்து அனுப்பிடறாங்க. வெளியில ஒரு ஊசி, ஒரு குளுக்கோஸ் பாட்டில், அன்னிக்கே எழுந்துக்கலாம்."

இந்தப் பேச்சுக்குத்தான் நம் கிராமங்களில் காசு அதிகம் செலவாகிறது. வைரஸ் காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாளில் தானாக இறங்கும், ஊசி அதை விரட்டுவதில்லை. அவசரத்துக்குப் போடும் பல ஊசிகள் வலியை மறைப்பவை. டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபினாக் போன்ற வலி ஊசி ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்தாறு டீஸ்பூன். வாயால் குடிக்க முடிகிறவருக்கு இளநீரும் கஞ்சியும் அதைவிட மேல். வாந்தி பேதி என்றால் ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் உப்புக்கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிப்போகும். "ஊசி வேணாம்" என்று சொல்கிற டாக்டர் உங்களைக் கவனிக்காமல் விடவில்லை. ஊசி போட்டு அனுப்புவது அவருக்கு இன்னும் சுலபம்.

"ஓசி மாத்திரையில பவர் இல்லை."

என் அம்மாவே பத்து வருஷம் சொன்ன வார்த்தை. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. அது மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கும். கம்பெனிப் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். தேறிய பிறகுதான் மாத்திரை நம் ஊருக்கு வரும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போய்ப் பின்பற்றிய முறை இது. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் என்றால் பளபளப்பான அட்டையில் வந்தாலும் சாதா அட்டையில் வந்தாலும் அதே மெட்ஃபார்மின்தான். கடையில் கொடுக்கிற காசு பெரும்பாலும் பெயருக்கும் விளம்பரத்துக்கும்.

"பவர் இல்லை" என்று தோன்றுவதற்கு வேறொரு காரணம் உண்டு. பிரஷர் மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டதும் அளவு சரியாகிவிடுகிறது, உடனே நிறுத்திவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஏறினால் பழி மாத்திரை மேல். சரியாக இருப்பதே மாத்திரையால்தான் என்பது அம்மாவுக்குப் புரிய, அவர் தலைசுற்றி வாசற்படியில் விழ வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது. நானும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறேன்.

இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் பெண் வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கு வருகின்றன. "இனி ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம்" என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சிறுநீரகம், கண், பாதம் மூன்றையும் டாக்டர் அவ்வப்போது பார்த்தாக வேண்டும்.

"சர்க்கரைத் தண்ணியைக் குடிக்கக் கொடுத்துட்டு ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க."

செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகள் வரிசையில் தவறாமல் கேட்கும் பேச்சு. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பது இந்தச் சோதனையின் அருமை. விடிகாலை பஸ்ஸில் வருகிற பெண்ணைப் பட்டினி போடாத சோதனை. இதை உருவாக்கி நிலைநிறுத்தியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. குடித்த பிறகு டீக்கடைக்குப் போய் பன்னும் டீயும் சாப்பிட்டு வந்துவிட்டால் கணக்குக் கெட்டுவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நல்ல பெஞ்சும் மின்விசிறியும் குடிதண்ணீரும் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. பல இடங்களில் அது இல்லை என்பது உண்மையான குறை, அதைச் சத்தமாகவே கேட்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொன்னதால் மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த பெண்ணை எனக்குத் தெரியும். கறுப்பாவது மலம் மட்டும்தான். பிள்ளையின் நிறம் அப்பா அம்மா வழி வருவது. ரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து. டீ, காபியோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாறோடு விழுங்கினால் மாத்திரை நன்றாக உடம்பில் ஒட்டும்.

பிரசவம் தனியாரில்தான் பார்க்கப் போகிறோம், கிராம சுகாதார செவிலியரிடம் எதற்குப் பதிவு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் 12 வாரத்துக்குள் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். பிறகு பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்க்கும் அதுதான் வாசல். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும்.

"போனா டாக்டர் இருக்க மாட்டார்."

இதை முழுக்கப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. சமவெளியில் 30,000 பேருக்கு, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த டாக்டர்தான் முகாமுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டத்துக்கும் போகிறார். இடம் காலியாகக் கிடக்கும் ஊர்களும் உண்டு, மருந்து தீர்ந்துபோகும் வாரங்களும் உண்டு. ஆனால் டாக்டர் இல்லாத நேரம் ஆஸ்பத்திரி இல்லாத நேரம் அல்ல. பிரசவம் பார்க்கிற, நாய்க்கடி ஊசி போடுகிற, பிரஷர் பார்த்து மாத்திரை தருகிற செவிலியர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி புதன்கிழமை. போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்வதும் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கத்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள்.

எந்த நாள் எது, டாக்டர் எப்போது விடுப்பு, எந்த மருந்து வந்திருக்கிறது என்ற சேதி வாட்ஸ்அப்பில் மூன்று கை மாறி வரும்போது தப்பாகத்தான் வருகிறது. துணை சுகாதார நிலையத்தின் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் நர்ஸம்மாவின் கைபேசி எண் அதைவிட நம்பகம். சந்தேகம் என்றால் 104ஐக் கூப்பிடலாம், உயிர் அவசரம் என்றால் 108.

அம்மா அந்த எண்களை எங்கள் வீட்டு அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். அதன் கீழே போன மாதம் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனை நாய் கடித்ததற்காக: "0, 3, 7, 28". முதல் மூன்றையும் கோடு போட்டு அடித்திருக்கிறார். நான்காவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.