மொட்டை மாடியில் டெலஸ்கோப்: புறநகர்வாசிகளுக்குச் சில குறிப்புகள்

தாம்பரத்திலோ ஆவடியிலோ குடியிருந்துகொண்டு பால்வீதியைத் தேடினால் கிடைக்காது. ஆனால் நிலாவுக்கும் கோள்களுக்கும் இரட்டை நட்சத்திரங்களுக்கும் தெருவிளக்கு ஒரு பொருட்டே இல்லை. அவற்றைக் கெடுப்பவை மாடித் தளத்தின் சூடும் கடற்காற்றின் ஈரமும்தான். இரண்டுக்கும் வீட்டிலேயே வழி உண்டு.

1. முதலில் தினசரி காலண்டரில் திதி பாருங்கள். நிலாவைப் பார்க்க வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை நல்ல நாட்கள். அப்போது வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே வெயில் சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீண்டு, மலைகளின் உயரம் கண்ணுக்குப் புலப்படும். பௌர்ணமியன்று நிழலே இராது. நிலா சப்பையாக, கண் கூசும்படி இருக்கும். அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள். டெலஸ்கோப்புக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

2. மங்கலான பொருட்களைத் தேடுவதானால் தேய்பிறை பஞ்சமி கழியட்டும். அதன் பிறகு நிலா இரவு 10 மணிக்கு மேல்தான் எழும். முன்னிரவு முழுக்க உங்களுக்கு.

3. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நல்ல மழை பெய்து ஓய்ந்த இரவைத் தவறவிடாதீர்கள். தூசியெல்லாம் கழுவப்பட்டிருக்கும். நிம்மதியாகப் பார்க்க ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

4. இன்னும் வாங்கவில்லை என்றால் பெட்டியில் ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று அச்சிட்டிருக்கும் டெலஸ்கோப்பை வாங்காதீர்கள். முன் லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரண்டு மடங்குதான் உருப்படியான பெரிதாக்கத்தின் உச்சம். 70 மி.மீ. லென்ஸுக்கு 140. அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். விட்டத்துக்குப் பணம் கொடுங்கள்: இருட்டில் நம் கண்மணி விரிவது அதிகபட்சம் 7 மி.மீ. என்று வைத்தால், 70 மி.மீ. லென்ஸ் அதைப் போல 100 மடங்கு ஒளியைச் சேகரிக்கும். கையில் காசு குறைவாக இருந்தால் 10x50 பைனாகுலரே போதும். மட்டமான டெலஸ்கோப்பைவிட அது எவ்வளவோ மேல்.

5. கணக்கு எளிது. டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தைக் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் பெரிதாக்கம் வரும். 700 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 28 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 70. எப்போதும் 25-இல் பொருளைப் பிடித்து நடுவே கொண்டுவந்த பிறகுதான் 10-க்கு மாற வேண்டும். பலர் நேராக 10-ஐப் போட்டுவிட்டு ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்பார்கள்.

6. டெலஸ்கோப்பை ஏசி அறையில் வைக்காதீர்கள். நம் ஊருக்கே உரிய தொல்லை இது: குளிர்ந்த லென்ஸை வெளியே கொண்டுவந்த நொடியில் அதன் மேல் ஈரம் படிந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் துடைக்காமல் அரை மணி நேரம் காத்திருங்கள், தானே விலகும். பனி விழும் மார்கழி, தை இரவுகளில் முன் லென்ஸைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் பேப்பரைக் குழல்போல் நீட்டிக் கட்டினால் பனி படிவது தள்ளிப்போகும்.

7. மாடித் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில் கக்கும். அந்தச் சூட்டில் காற்று அலைய, கோளின் உருவம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோல நெளியும். பொழுது சாய்ந்ததும் நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். 9 மணிக்கு மேல் பாருங்கள். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி இருக்கும் திசையைத் தவிருங்கள். கொல்லையில் மண் தரையோ புல்லோ இருந்து, தென்னை மறைக்காமலும் இருந்தால் மாடியைவிட அதுவே மேல்.

8. நட்சத்திரங்கள் படபடவென்று மின்னும் இரவு பார்க்க அழகு, கோள்களுக்கு ஆகாது. காற்றசைவு இல்லாமல் புழுங்கும் இரவில், வானம் லேசாகப் புகைமூட்டமாக இருந்தாலும், வியாழனும் சனியும் அசையாமல் நிற்கும்.

9. குழாயின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் ஃபைண்டரைப் பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். தூரத்துத் தண்ணீர் டேங்கின் உச்சியையோ செல்போன் கோபுரத்தையோ டெலஸ்கோப்பின் நடுவே கொண்டுவந்து, ஃபைண்டரின் குறுக்குக் கோட்டையும் அதே புள்ளிக்குத் திருகுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.

10. சூரியனை டெலஸ்கோப்பிலோ ஃபைண்டரிலோ எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. நொடியில் கண் போய்விடும். சில பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று ‘சூரிய ஃபில்டர்’ என்று வரும். சூட்டில் அது விரிசல் விடக்கூடியது. யாருக்கும் கொடுக்காமல் குப்பையில் போடுங்கள்.

11. ட்ரைபாட் காலை முழுவதும் நீட்டாமல், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் வையுங்கள். நடுவில் 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும்.

12. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஒரு வாட்ஸ்அப் செய்தி அதைக் கெடுத்துவிடும். டார்ச்சின் மேல் சிவப்பு ஜெலட்டின் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். தெருவிளக்கு நேராக அடித்தால், துணி காயப்போடும் கொடியில் போர்வையை விரித்து மறையுங்கள். கோள்களுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை.

13. கொசுவுக்குக் கையில் தடவும் க்ரீம் சிலவற்றில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தடவிய கையால் ஐபீஸைத் தொடாதீர்கள். கொசுவர்த்தியைக் காற்று உங்களைத் தாண்டிப் போகும் பக்கம் வையுங்கள், புகை லென்ஸ் முன் வராது.

14. வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் 28 மடங்கிலேயே தெரியும். குழந்தைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் ஒரு வட்டமும் சுற்றிலும் புள்ளிகளும் வரையச் சொல்லுங்கள். 1610 ஜனவரியில் கலிலியோ செய்தது அதைத்தான். உள்ளே சுற்றும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிப்பதால், மாலையில் பார்த்ததற்கும் நள்ளிரவில் பார்ப்பதற்குமே வித்தியாசம் தெரியும்.

15. சனியின் வளையம் 2025 மார்ச்சில் பக்கவாட்டில் திரும்பிக் கோடாகிப் போனது. இனி ஆண்டுக்காண்டு விரியும். 2032 வாக்கில் நன்றாக அகன்றிருக்கும். 70 மடங்கில் பாருங்கள்.

16. நாம் 13 பாகை வடக்கில் இருப்பதால் தெற்கு வானம் நமக்குத் தாராளம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எழாத அகத்திய நட்சத்திரம் இங்கே பிப்ரவரி முன்னிரவில் தெற்கே பளிச்சென்று நிற்கும். ஜூனில் மேகம் விட்டால் ஆல்ஃபா சென்டாரியை 70 மடங்கில் பாருங்கள், ஒன்று இரண்டாகும். அது 4.37 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மே மாதக் கடைசியில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் பஞ்சுப் பொட்டாக ஒமேகா சென்டாரி தெரியும், பல லட்சம் நட்சத்திரங்களின் கொத்து. தாம்பரம் பக்கத்தவர்களுக்கு நகர வெளிச்சம் வடகிழக்கில் இருப்பதால் தெற்கு தேவலை. 1867-இல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டதும் இந்தத் தெற்கு வானத்தில்தான். அன்று அங்கே மின்விளக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

17. ஆண்ட்ரோமீடா காலக்ஸியைக் காட்டுகிறேன் என்று விருந்தினரை மாடிக்கு அழைக்காதீர்கள். அழுக்குத் திட்டு போலத் தெரியும். ‘இதுக்கா ரெண்டு மாடி ஏறினோம்’ என்பார்கள். நிலாவையும் சனியையும் காட்டுங்கள்.

18. பக்கத்து வீட்டாரை முதல் நாளே அழைத்து ஒரு தடவை பார்க்கச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழாய் யார் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறது என்ற பேச்சு தெருவில் கிளம்பும்.

19. குழந்தைகள் குழாயைப் பிடித்து இழுப்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கப் பழக்குங்கள். ஏறி நிற்க ஒரு முக்காலி போடுங்கள்.

20. முடிந்ததும் ஈரம் காயும்வரை மூடி போடாதீர்கள். கடலோர ஊர்களில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சகஜம். காற்றுப் புகாத டப்பாவில் ஐபீஸ்களோடு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு வையுங்கள். நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அப்போது பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். தூசியை ரப்பர் ஊதியால் மட்டும் ஊதுங்கள், வேட்டி நுனி வேண்டாம்.