தங்கச்சிக்கு ஜி6பிடி டிப்ஸ்

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாய். இனி நாள் தள்ளாமல் ஒரு வேலை செய். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இப்படிச் சொல்: "எங்க அக்கா பையனுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கு. என் குழந்தைக்கும் பிறந்தவுடனே அதைப் பார்க்கணும்." இங்கே சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். நம் குடும்பத்தில் இப்படி ஒன்று ஓடுகிறது என்பதே அதனால்தான் தெரிந்தது. அங்கே எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாகச் செய்வதில்லை. நீயாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எனக்கு எதற்கு என்று கேட்பாய். இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. என் பையனுக்கு என்னிடமிருந்து வந்தது. எனக்கு அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். அம்மா வழி என்றால் உனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு இருந்தால் உனக்கும் நிச்சயம் வந்திருக்கும், ஏனென்றால் அவரிடம் உள்ள ஒரே எக்ஸ் குரோமோசோமைத்தான் மகள்கள் எல்லாருக்கும் தந்திருப்பார். சின்ன வயதில் மலேரியா மாத்திரை சாப்பிட்டு, சிறுநீர் கறுத்து, அப்பா படுக்கையில் கிடந்த கதையை அப்பாயி சொல்வாரே, அதை வைத்து எனக்கு அப்பா மேல்தான் சந்தேகம். உனக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு உண்டு. மகளுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, ஆனாலும் பார்த்துவிடு. மாப்பிள்ளை வீட்டில் யாராவது முகம் சுளித்தால் தலைகுனிந்து நிற்காதே. உலகத்தில் ஏறக்குறைய 40 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. மலேரியா வாட்டிய நாடுகளில் இது அதிகம், காரணம் இந்தக் குறைபாடு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றும்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். சில உணவும் மருந்தும் நோய்த்தொற்றும் அதை ஆக்சிஜனேற்றத்தால் தாக்கும்போது, தாக்குப்பிடிக்கிற சக்தியைத் தருவது ஜி6பிடி என்கிற நொதி. அது குறைந்தால் அணுக்கள் கூட்டங்கூட்டமாக உடையும். தூண்டுகிற பொருள் உள்ளே போகாத வரை குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவேதான் ஓடியாடும்.

முதல் வாரம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். இந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு மூன்று நாளில் மஞ்சள் காமாலை வேகமாக ஏறலாம். அளவு மீறினால் மூளையைத் தாக்கும், அந்தச் சேதம் பிறகு சரியாகாது. "காலை வெயிலில் காட்டினால் போயிடும்" என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்வார். அன்பாகத்தான் சொல்வார், ஆனால் கேட்காதே. பிலிருபின் அளவைப் பார்க்கச் சொல். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகும், கண்ணோ உள்ளங்காலோ மஞ்சளாகத் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அந்த மணியே கிளம்பு.

அடுத்து நம் பீரோ. எனக்கு உண்மையிலேயே பயம் இதில்தான். அம்மா பழைய சேலைகளுக்கு நடுவே பாச்சா உருண்டை போட்டு வைப்பார். அந்தப் பருத்திச் சேலையைத்தான் பேரப்பிள்ளைக்குத் தூளி கட்ட ஆசையோடு எடுத்து வைத்திருப்பார். அந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தையின் ரத்தத்துக்குப் போய் அணுக்களை உடைக்கும். எண்ணெய் தேய்த்த தோலில் இன்னும் எளிதாக ஏறும். நம் வீட்டுக் குழந்தைக்குத் தினமும் எண்ணெய்தானே! அதனால் நீ பிரசவத்துக்குப் போகும் முன்பே வீட்டிலுள்ள உருண்டைகளை எல்லாம் எடுத்து எறியச் சொல், வாஷ் பேசினில் கிடப்பதையும் சேர்த்து. தூளிச் சேலை, துணி நாப்கின், பழைய ஸ்வெட்டர் எல்லாவற்றையும் துவைத்து, வெயிலில் காயவைத்து, அந்த வாடை துளியும் இல்லை என்றால் மட்டும் பயன்படுத்து. வாடை போகவில்லையா, புதிய துணியில் தூளி கட்டு. அம்மா மனம் நோகாமல் நானே போனில் பேசிக்கொள்கிறேன்.

குழந்தைக்கு மருதாணி வேண்டாம். இலையை அரைத்தாலும் கோன் வாங்கினாலும் ஒன்றுதான். இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசி ரத்தம் உடைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உரை மருந்தும் பெயர் தெரியாத பஸ்பமும் கூடாது.

இனி சாப்பாடு. எல்லாரும் பதறுவது இதற்குத்தான், ஆனால் பட்டியல் மிகச் சின்னது. உண்மையான எதிரி ஃபாவா பீன்ஸ் ஒன்றுதான். அதிலுள்ள வைசின், கன்வைசின் என்ற பொருட்கள்தான் அணுக்களை உடைக்கின்றன. பச்சையாக இருந்தாலும், வேகவைத்தாலும், வறுத்தாலும் வேண்டாம். வடக்கே இதை பாக்லா என்பார்கள். இங்கே காச்சாங் பாராங் என்ற பெயரில் வறுத்து, பாக்கெட்டில் விற்கிறார்கள். எகிப்திய ஃபலாஃபெலும், டோபன்ஜியாங் என்கிற சீனக் காரவிழுதும் இதில் செய்வதுதான். மிக்சர் பாக்கெட் வாங்கினாலும் பின்பக்கம் படித்துவிடு. ஒருமுறை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று துணியாதே; அடுத்த முறை ஆகலாம். பால் கொடுக்கிற நாட்களில் நீயும் சாப்பிடக்கூடாது, பால் வழியாகப் போகும்.

நம் ஊர் சமையல் புத்தகங்களில் அவரைக்காயை 'பிராட் பீன்ஸ்' என்று போடுகிறார்கள். ஃபாவாவுக்கும் அதே பெயர்தான், ஆனால் செடி வேறு. இந்தக் குழப்பத்தில் அவரையை நிறுத்தி, மொச்சையை நிறுத்தி, கடைசியில் துவரம்பருப்பும் சுண்டலும்கூட கொடுக்காமல் பிள்ளையை வாட விடுகிற வீடுகள் உண்டு. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. என் மகன் பருப்புச் சாதமும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டுத்தான் வளர்கிறான். பாகற்காய் விதையில் வைசின் இருப்பதால் அதை மட்டும் நான் விதை நீக்கிச் சமைக்கிறேன். பாகற்காய் ஜூஸ் அவனுக்குக் கொடுப்பதில்லை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்து. மலேரியாவுக்கான பிரைமாகுயின், தோல் நோய்க்கும் தொழுநோய்க்கும் தரும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயின், மெத்திலீன் புளூ, ரஸ்புரிகேஸ் ஆகியவை ஆபத்தானவை. பிரசவத்துக்குப் பிறகு உனக்கே சிறுநீர்த் தொற்று வந்தால், பால் குடிக்கும் குழந்தைக்கு இது இருக்கிறது என்று முதலிலேயே சொல். சல்ஃபா மருந்துகளை டாக்டர் யோசித்துத்தான் தர வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம், தடுப்பூசி எதையும் தவிர்க்க வேண்டாம். மருந்தைவிடச் சாதாரண நோய்த்தொற்றே பலருக்கு ரத்தத்தை உடைக்கிறது; அதனால் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதே. பிள்ளை வளர்ந்த பிறகு அழகு நிலையத்தில் 'ஸ்கின் குளோ' டிரிப் போடப் போகிறேன் என்றால் தடுத்துவிடு. நரம்பு வழியாக அதிக அளவில் ஏற்றும் வைட்டமின் சி இவர்களுக்கு ஆபத்து.

சாப்பிட்ட அல்லது மருந்து எடுத்த ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீர் கோலா நிறத்தில் போவது, உதடு வெளுத்துப்போவது, கண் மஞ்சளாவது, மூச்சு வாங்குவது, வயிற்றிலோ முதுகிலோ வலி என எது வந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போ. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நேரத்தை விடாதே. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். சாப்பிட்ட பாக்கெட், மாத்திரை அட்டை இரண்டையும் கையில் எடுத்துக்கொள்.

ஒரு விஷயம் பல டாக்டர்களுக்கே அவசரத்தில் விட்டுப்போகும். ரத்தம் உடைகிற நேரத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்தால் சரியாக இருப்பதுபோல் காட்டலாம், காரணம் பழைய அணுக்கள் உடைந்துபோய், நொதி அதிகமுள்ள புது அணுக்களே மிச்சமிருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல். உனக்கே பார்க்கும்போது, உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் சோதனை போதாது, அளவைச் சொல்கிற சோதனையைக் கேள். பெண்களுக்கு நடுத்தர அளவு இருந்தால் முதல் வகையில் தெரியாமல் போகும்.

அப்பாவையும் அழைத்துப் போய்ப் பார்த்துவிடு. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதே. ஜி6பிடி குறைவாக இருந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாக வரலாம், நாம் "சுகர் கட்டுக்குள் இருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருப்போம். ரிசல்ட் வந்ததும் சர்க்கரை டாக்டரிடம் காட்டி, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுக்கிற அளவை வைத்து மருந்தை முடிவு செய்யச் சொல்.