கொவிட்-19: எந்த மாதிரி, எதற்காக?

காய்ச்சல், இருமல், தொண்டைவலி வந்தால் மூன்று வழிகளில் மாதிரி எடுக்கலாம்.

மூக்கின் பின்பகுதி: தாதி மெல்லிய பஞ்சுக்குச்சியை மூக்கின் உள்ளே ஆழமாகச் செலுத்துவார். சில விநாடிகள் கூசும்; ஆனால் கிருமியைக் கண்டறிய மிகவும் நம்பகமானது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்கிறீர்களா? முன்கூட்டியே சொல்லுங்கள்.

மூக்கின் முன்பகுதி: ஏஆர்டி கருவியைக் கொண்டு வீட்டில் நீங்களே செய்யலாம். இரு துவாரங்களிலும் குச்சியை நன்றாகச் சுழற்றுங்கள். கிருமி குறைவாக இருந்தால் முடிவில் தெரியாமல் போகலாம்.

உமிழ்நீர்: வலி இராது. மாதிரி எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எதையும் உண்ணவோ பருகவோ வேண்டாம்.

ஏஆர்டியில் 'தொற்று இல்லை' என்று வந்தாலும், உடல்நிலை மோசமானால் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். மூத்தோருக்கு மருத்துவர் தரும் கொவிட்-19 மாத்திரைகளை, அறிகுறி தோன்றிய 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும்.