பழைய படங்களுக்குப் புது வாழ்வு: குறைந்த செலவில் நிழற்படம் திருத்தக் கற்போம்

தோட்டக் குடியிருப்புகளில் பல வீடுகளின் சுவரில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளை நிழற்படம் ஒன்று மாலையுடன் தொங்குவதைக் காணலாம். பெரும்பாலும் அதன் நெகடிவ் எங்கும் இல்லை. படமெடுத்த ஸ்டூடியோவும் எப்போதோ மூடப்பட்டிருக்கும். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோதும், தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோதும், மக்கள் கையோடு எடுத்துச் சென்றவற்றுள் அந்தப் படமும் ஒன்று. அதுவும் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகிவிட்டால், அந்த முகத்தைப் பேரப் பிள்ளைகள் பார்க்க வேறு வழியில்லை.

ஜொகூர் மக்களுக்கு இந்த இழப்பு புதிதன்று. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெருகிய வெள்ளத்தால் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலும் சிகாமட், பத்து பஹாட் வட்டாரங்கள் நீரில் மூழ்கின. மேசையையும் கட்டிலையும் மறுபடி வாங்கிக் கொள்ளலாம். படத்தை வாங்க இயலாது.

ஆயினும் பழுதடைந்த படங்களை மீட்க வழியுண்டு. ஜப்பானில் 2011ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு, யாமாமோட்டோ என்னும் சிற்றூரில் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட சுமார் 750,000 நிழற்படங்களைத் தொண்டர்கள் கழுவி உலர்த்தி, கணினியில் பதிந்து, உரியவர்களிடம் சேர்க்க முயன்றனர். தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களில் கிடந்த படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினிப் படிகளாக்கிக் காத்துள்ளனர். அங்கே ஆய்வாளர்களும் தொண்டர்களும் செய்ததை, நம் வீட்டளவில் நாமே செய்யலாம். இதற்கு வேண்டிய கருவிகளையும் கற்கும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

மென்பொருள் எது?

நிழற்படம் திருத்துதல் என்றதும் பலர் நினைவுக்கு வருவது ஃபோட்டோஷாப். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கிய இம்மென்பொருளை அடோபி நிறுவனம் 1990ஆம் ஆண்டு வெளியிட்டது. 2013ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் அதன் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் வழங்கி வருகிறது. தொழிலாகச் செய்வோருக்கு அச்செலவு கட்டுபடியாகலாம். இப்போதுதான் கற்கத் தொடங்குவோருக்கு அது தேவையே இல்லை.

இதற்கு ஈடாக இலவசமாகக் கிடைப்பது ‘கிம்ப்’. அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995ஆம் ஆண்டு தொடங்கிய பணி இது. உலகெங்குமுள்ள தொண்டர்கள் இன்றும் இதை வளர்த்து வருகின்றனர். 2025ஆம் ஆண்டில் இதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. விலையும் இல்லை, சந்தாவும் இல்லை. இரண்டாவது கையாக வாங்கிய சாதாரணக் கணினியிலும் பழகலாம். கணினியில் எதையும் நிறுவ இயலாதோர் ‘ஃபோட்டோபீ’ என்னும் இணையக் கருவியைப் பயன்படுத்தலாம். அதன் அமைப்பு ஃபோட்டோஷாப்பைப் பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்றில் கற்றது மற்றொன்றுக்கும் உதவும். கணினியே இல்லாதோர்க்குக் கைத்தொலைபேசியில் ‘ஸ்னாப்சீட்’ என்னும் இலவசச் செயலி உண்டு.

ஒன்றை இங்கே வலியுறுத்த வேண்டும். விலை உயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியை எவரிடமிருந்தும் வாங்காதீர். பதிப்புரிமைச் சட்டம் 1987 அதைக் குற்றமாகக் கருதுகிறது. மேலும், அத்தகைய பிரதிகளோடு கணினியைக் கெடுக்கும் நச்சு நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. நேர்மையான வழியே இலவசமாக இருக்கும்போது குறுக்கு வழி எதற்கு?

எங்கே கற்பது?

அருகில் ‘நாடி’ எனப்படும் தேசியத் தகவல் பரப்பு மையம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். முன்னர் இணைய மையம் என்றும் பொருளாதார இலக்கவியல் மையம் என்றும் வழங்கியவையே இன்று இப்பெயர் பெற்றுள்ளன. அங்கே கணினியும் இணைய வசதியும் உண்டு. வட்டார மக்களுக்குப் பயிற்சிகளும் நடைபெறுகின்றன. பாசிர் கூடாங், சிகாமட் போன்ற இடங்களிலுள்ள சமூகக் கல்லூரிகள் பொதுமக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகின்றன. நிழற்படத் திருத்தம் கற்பிக்கப்படுகிறதா என்று கேட்டறியலாம். மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் ‘இ-லாத்தே’ என்னும் இணையக் கல்வித் தளமும் கட்டணமில்லாப் பாடங்களைத் தருகிறது. யூடியூபில் தமிழிலேயே விளக்கும் பாடங்களும் பல உள்ளன. ஆனால் ஒரே நாளில் பத்துப் பாடங்களைப் பார்ப்பதால் பயனில்லை. ஒரு பாடத்தைப் பார்த்து, அதைத் தம் கையால் மூன்று முறை செய்து பார்ப்பவரே கற்றவராவார்.

முதற்படி: படத்தைப் படியெடுத்தல்

திருத்துவதற்கு முன் மூலப்படத்தைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும். ஸ்கேனர் கிடைத்தால், அஞ்சலட்டை அளவுப் படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் பதிக. அப்படியானால் இரு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் படம் தெளிவாக இருக்கும். ஸ்கேனர் இல்லையெனில், சன்னலருகே நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் படத்தைக் கிடத்தி, கைத்தொலைபேசியை அதற்கு இணையாகப் பிடித்து, ஃபிளாஷ் இன்றி எடுக்கலாம். சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர். கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த படங்களாயின், ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட்டால் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான குளிர்நீரில் மெல்ல அலசி, படப்பக்கத்தைத் தொடாமல், தனித்தனியே முகம் மேலாக வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டு நாட்களுக்குள் உலர்த்த முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துப் பிறகு கவனிக்கலாம்.

இரண்டாம்படி: திருத்துதல்

புதிதாகப் பால்வெட்டுப் பழகுகிறவரிடம் நல்ல இளமரத்தை எவரும் ஒப்படைப்பதில்லை. அதுபோல, மூலக்கோப்பில் கை வைக்காமல் வேறொரு பெயரில் ஒரு படியெடுத்து அதில் மட்டுமே பழகுங்கள். வேலை செய்யும் கோப்பைக் கிம்ப்பின் சொந்த வடிவத்திலேயே சேமியுங்கள். ஜேபெக் வடிவில் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் படம் சிறிது தரம் குறையும் என்பதால், முடிந்த படத்தை மட்டும் அவ்வடிவுக்கு மாற்றுக.

தொடக்கநிலையில் நான்கு செயல்கள் போதுமானவை.

1. வெட்டுதலும் நேராக்குதலும்: கோணலாகப் பதிந்த படத்தை நிமிர்த்தி, வேண்டாத ஓரங்களை நீக்குதல்.

2. ஒளி அளவு: மங்கிய படத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலாகி நிற்கும். ‘லெவல்ஸ்’ என்னும் கருவியில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் உள்நோக்கி நகர்த்தினால் முகம் துலங்கும்.

3. கீறல் நீக்கல்: ‘ஹீல்’ என்னும் கருவி, அருகிலுள்ள நல்ல பகுதியின் சாயலைக் கொண்டு புள்ளியையும் கீறலையும் மறைக்கும். கிழிந்துபோன பெரிய பகுதிக்கு ‘குளோன்’ கருவி ஏற்றது; அது ஓரிடத்தை அப்படியே மற்றோரிடத்தில் பதிக்கும்.

4. அடுக்குகள்: ‘லேயர்’ எனப்படுவது படத்தின்மேல் வைத்த கண்ணாடித் தகடு போன்றது. திருத்தத்தை அந்தத் தகட்டில் செய்தால், பிழை நேர்ந்தாலும் தகட்டை மட்டும் நீக்கிவிடலாம். அடியிலுள்ள படம் கெடாது.

உளி ஆழப் பாய்ந்தால் மரத்தின் காயம் முடிச்சாகிப் பட்டை சீராக வளராது. படமும் அவ்வாறே. கன்னத்துச் சுருக்கம் யாவற்றையும் துடைத்தெடுத்தால், எஞ்சுவது பாட்டியின் முகமன்று, பொம்மை முகம். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரே தொடுதலில் மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றன. அத்தெளிவில் ஒரு பகுதி செயலி தானாக ஊகித்து வரைந்தது. கண்ணும் மூக்கும் வேறொருவருடையதாக மாறிவிடலாம். எனவே அத்தகைய படத்தைத் தனியே குறித்து வைத்து, மூலப்படியைக் கட்டாயம் காக்க வேண்டும்.

கையில் தொழில் வந்தபின் பொறுப்பும் வருகிறது. பிறருடைய படத்தை, குறிப்பாகப் பெண்களின் படத்தை, அவர்தம் இசைவின்றி மாற்றி இணையத்தில் பரப்புவது அவர்தம் மானத்தைப் பறிக்கும் செயல்; சட்டத்தின்முன் குற்றமும் ஆகலாம். அதிகாரப்பூர்வ ஆவணங்களுக்குத் தரும் படத்திலும் முகத்தைத் திருத்தக்கூடாது.

வீட்டுப் பயிற்சி

வேலை முடிந்து வந்தபின் நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்குக. முதல் வாரம் படியெடுத்தல், இரண்டாம் வாரம் வெட்டுதலும் ஒளி அளவும், மூன்றாம் வாரம் கீறல் நீக்கல், நான்காம் வாரம் அடுக்குகள் என்று பழகலாம். ஐந்தாம் வாரம் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைத் திருத்தி முடியுங்கள். படத்தில் இருப்போர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். பெயர் தெரியாத முகத்தை எந்த மென்பொருளாலும் அடையாளம் காட்ட இயலாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று நம்மோடு இருக்கும் முதியோரே. ஆகவே அவர்களிடம் கேட்பதை இந்த வாரமே தொடங்குங்கள்.