சந்தனத்துக்கு மீசை உண்டா?

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு சென்ற் அனுப்பியிருக்கிறார். மர வாசம், கம்பீரமான ஆண்களுக்கு என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பூசினால் கம்பீரம் வருமா?
– வாசகர், பூவரசங்குளம்

பதில்: வாசம் வரும். கம்பீரத்துக்கு நான் பொறுப்பில்லை.

இந்த வகைச் சென்றில் அடித்தவுடன் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் எலுமிச்சையும் லவெண்டரும். அவை சீக்கிரம் பறந்துவிடும். சந்தனம், வெட்டிவேர் போன்றவற்றின் மூலக்கூறுகள் பாரமானவை, மெல்லத்தான் ஆவியாகும். பின்னேரம் சட்டையைக் கழற்றும்போதும் மணப்பது அவைதான். இந்த நிதானத்தைத்தான் விளம்பரக்காரர் 'அலட்டாத ஆம்பிளை' என்று விற்கிறார்கள். கெட்டிக்காரர்கள்!

ஆனால் மரவாசத்தை ஆணுக்கென்று எழுதிக்கொடுத்தது யார்? பாரிசின் கெர்லான் நிறுவனம் 1959இல் வெட்டிவேரின் பெயரிலேயே ஆண்களுக்கு ஒரு சென்றை வெளியிட்டது. அதே நிறுவனம் 1989இல் பெண்களுக்கென்று விற்ற 'சம்சாரா'வில் சந்தனம்தான் தூக்கல். கோயிலில் ஐயர் சந்தனம் தரும்போது ஆணா பெண்ணா என்று பார்க்கிறாரா?

வன்னி வெயிலில் எந்தச் சென்றும் வேகமாக எழும்பும். வவுனியா பஸ்ஸில் நெரிபட்டுப் போவதென்றால் ஒரு தரம் அடித்தாலே காணும். வெள்ளைச் சட்டையில் மட்டும் வேண்டாம், கறை பிடிக்கலாம்.