வேம்பின் மருத்துவமும் அதன் எல்லையும்

பொத்துவிலின் மணற்பாங்கான வளவுகளிலே, தமிழர் இல்லமாயினும் முஸ்லிம் இல்லமாயினும், வேம்பின் நிழலில் விளையாடாத பிள்ளைகள் அரியர். பாண்டியர் தம் குடிக்குரிய மாலையாகச் சூடிய பூவை நம் தாய்மார் வடகமாக்கி உணவோடு சேர்க்கின்றனர். இம்மரத்தைப் புகழ்தல் எளிது. அதன் எவ்வுறுப்பு, எவ்வழியில், எவர்க்கு ஆகும் என ஆராய்வதையே யாம் இங்கு மேற்கொண்டோம்.

கொப்புளிப்பான் கண்டவரின் பாயருகே வேப்பிலை வைத்தலும், பின்னர் அவ்விலையிட்ட நீரில் நீராட்டுதலும் தொன்றுதொட்டு வரும் வழக்கு. தினவெடுக்கும் தோலுக்கு அஃது இதம் தரலாம். நோயை நீக்குவது அன்று. குச்சி பல் துலக்க உதவும். நெல் மூடைகளிடையே உலர்ந்த இலையை இடுவோரின் பட்டறிவுக்குப் பிற்காலத்து இரசாயனம் சான்று பகர்ந்தது. 1942இல் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி வேம்பின் கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1968இல் இங்கிலாந்திலே அதன் வித்தினின்று அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. வெட்டுக்கிளியும் அதனை உண்ண மறுக்கும்.

வித்திலிருந்து எடுப்பதே உள்ளி நாற்றமுடைய வேப்பெண்ணெய். மாட்டின் புண்ணில் ஈ மொய்க்காதிருக்கவும், தலைப்பேனுக்கும் அதனைப் பூசுவர். பூச்சுக்குரிய அவ்வெண்ணெயைத் தடிமனுக்கும் இருமலுக்கும் கைக்குழந்தையின் வாயில் வார்க்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. இதனையே யாம் வன்மையாக மறுக்கின்றோம்.

மலேசியாவில் இவ்வாறு எண்ணெய் புகட்டப்பெற்ற இந்திய வமிசக் குழந்தைகள் 13 பேரின் நிலை, 1981இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. புகட்டிய சில மணி நேரத்துள் வாந்தி, அயர்வு, விரைந்த மூச்சு, வலிப்பு ஆகியன தோன்றின, மூளையும் ஈரலும் தாக்குண்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. கொடுத்த கைகள் அன்பின் கைகளே.

"மரத்தின் எண்ணெய்தானே சேர், அதில் என்ன தீங்கு?" என வகுப்பிலே ஒரு மாணவன் எம்மை வினவினான். எட்டியும் மரமே என்றோம்; வகுப்பு சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. வீட்டிலே தம்பி பிறந்திருந்தான் என்பது பின்னரே தெரிந்தது.

வளர்ந்தோர்க்கும் எல்லை உண்டு. நீரிழிவுக்கு மாத்திரை உண்போர் வேப்பிலைச் சாற்றையும் பருகின் குருதியிற் சர்க்கரை மிகத் தாழக்கூடும். கருவுற்றோர் எண்ணெயையும் கஷாயத்தையும் உட்கொள்ளலாகாது. மலைவேம்பு எனச் சிலர் வழங்கும் மரம் வேம்பின் உறவே எனினும் வேறு. அதன் கனி நஞ்சாகும். பரிகாரியாரிடம் செல்வோர், உண்ணும் ஆங்கில மருந்துகளை ஒளியாது கூறுக.

குழந்தை எண்ணெயை விழுங்கிவிடின் வாந்தியெடுக்கச் செய்யற்க. வேறு மருந்தும் புகட்டற்க. வலிப்பு வரும்வரை காத்திராது, எண்ணெய்ப் போத்தலையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்கு விரைக. எவ்வளவு, எப்பொழுது கொடுத்தோம் என்பதை, ஏசுவார்களென்று அஞ்சி மறையாது, வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுக.